மூன்றெழுத்துக்கு முதுகு காட்டாதே!

வழி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நழுவினாயே, ஏன்?

ஹேவாஹெட்ட கடைத்தெரு. முதுகில் பெரிய பையோடு ஒரு வெளிநாட்டுப் பெண். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டத்தைப் பார்க்க வந்தவர். "ஹவ் டு ஐ கெட் டு லூல்கந்துர?" என்று உன்னிடம்தான் கேட்டார்.

உனக்கு வழி தெரியும். குறுக்குப் பாதை தெரியும். எந்த இடத்தில் அட்டை ஏறும் என்பதுகூடத் தெரியும்!

அப்படியிருந்தும் வாய் திறக்கவில்லை. பக்கத்துக் கடை முதலாளியைக் கையால் காட்டிவிட்டு நடந்துவிட்டாய்.

உன்னைத் தடுத்தது எது தெரியுமா? 'கெட்'. அந்த ஒரே ஒரு சொல். இங்கிலிஷில் எழுதினால் மூன்றே எழுத்து.

'கெட் என்றால் பெறு' என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாய். லூல்கந்துரவை எப்படிப் பெறுவது? மனம் அங்கேயே முட்டி நின்றுவிட்டது. அதற்குள் அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று எழுத்து உன்னைத் தோற்கடித்துவிட்டதா? ஒப்புக்கொள்ளாதே! ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதே!

"ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இருந்தால் நான் எப்படிப் படிப்பது?" என்கிறாய்.

அப்படியா? உன் வாயில் இருக்கும் 'அடி'யை எடு.

மணி அடிக்கிறது. வெயில் அடிக்கிறது. காற்று அடிக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. மலையில் மருந்து அடிக்கிறார்கள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். மாமாவுக்கு லொத்தர் அடித்தது. சித்தப்பா தண்ணி அடித்தார். ஒருத்தன் கண் அடித்தான். இன்னொருத்தன் சிக்ஸர் அடித்தான்!

ஒரே சொல். பத்து வேலை. எந்த அகராதியைப் பார்த்து இதைப் படித்தாய்? எந்த டியூஷனுக்குப் போனாய்? யார் உனக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள்?

யாரும் கொடுக்கவில்லை. கேட்டாய். பேசினாய். தப்பாகப் பேசினாய். பாட்டி சிரித்தாள். திரும்பவும் பேசினாய். ஐந்து வயதுக்குள் 'அடி' உன் சொல்லாகிவிட்டது.

'அடி'யை அடக்கிய வாய்க்குக் 'கெட்' ஒரு பாரமா?

கெட்டுக்கே மலைக்கிறாயே, ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதிக்காரர்களைக் கேட்டுப் பார். 'ரன்' என்ற ஒரே வினைக்கு அவர்கள் பிரித்துக் காட்டிய பொருள்கள் 645. இங்கிலாந்தில் பிறந்த எவனாவது அந்த 645ஐயும் மனப்பாடம் செய்துவிட்டா பேசத் தொடங்குகிறான்? தனக்குத் தேவையான பத்தைத்தான் அவனும் பிடிக்கிறான். பிறகு இருபது. பிறகு ஐம்பது.

நீயும் பிடி! இன்றைக்கே பிடி!

'போய்ச் சேர்' என்பதில் தொடங்கு. "ஐ கொட் டு கண்டி அட் நைன்." ஒன்பது மணிக்குக் கண்டி போய்ச் சேர்ந்தேன். ஊர்ப் பெயருக்கு முன்னால் 'டு' வேண்டும். 'ஹோம்' என்றால் வேண்டாம். "ஐ கொட் ஹோம்." அவ்வளவுதான். இப்போது அந்தப் பெண்ணின் கேள்வியைத் திரும்பப் படி. எங்கே இருக்கிறது பூதம்?

அடுத்தது 'ஆகு'. மழையில் நனைந்தாயா? "ஐ கொட் வெட்." களைத்துப்போனாயா? "ஐ கொட் டயர்ட்." அம்மாவுக்குக் கோபம் வந்ததா? "ஷீ கொட் அங்ரி." இருட்டிக்கொண்டு வருகிறதா? "இட் இஸ் கெட்டிங் டார்க்."

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, கவனி! "ஐ ஆம் வெட்" என்றால் நனைந்த நிலையில் நிற்கிறேன். "ஐ கொட் வெட்" என்றால் காய்ந்திருந்தவன் நனைந்துவிட்டேன். ஒன்று நிலை. மற்றது மாற்றம்.

நிலையிலேயே நிற்பவனுக்குக் 'கெட்' தேவைப்படாது. மாறுகிறவனுக்குத்தான் அது வேண்டும். உனக்கு வேண்டும்!

'கிடை' என்பதையும் விட்டுவிடாதே. "எனக்குக் கடிதம் கிடைத்தது" என்பாய். இங்கிலிஷில் "ஐ கொட் எ லெட்டர்." தமிழில் கடிதம்தான் எழுவாய், நீ 'எனக்கு' என்று ஓரமாக நிற்கிறாய். இங்கிலிஷில் நீயே முன்னால் வந்து நிற்கிறாய். இதை வைத்துத் தமிழன் முன்வரத் தெரியாதவன் என்று எவனாவது கதை கட்டினால் நம்பாதே! 'பெற்றேன்', 'வாங்கினேன்', 'வென்றேன்' எல்லாம் நம்மிடமும் உண்டு. வாக்கிய அமைப்பு வேறு, அவ்வளவுதான். அந்த அமைப்பைப் பழகு. "மீ கொட்" என்று தொடங்கும் தவறு தானாகவே விழுந்துவிடும்.

நம் ஊர்ப் பேச்சில் "பெரஹரா பார்க்கக் கிடைத்தது" என்கிறோமே, அதற்கு இங்கிலிஷில் அச்சாகப் பொருந்துகிற வாக்கியம் இருக்கிறது. "ஐ கொட் டு சீ த பெரஹரா." பார்த்தாயா? நீ பேசுகிற தமிழே உனக்குப் பாதி வழி போட்டு வைத்திருக்கிறது!

இனி முடி வெட்டும் கதை. ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போய் வந்து "ஐ கட் மை ஹெயார்" என்கிறாய். கேட்பவன் என்ன நினைப்பான்? நீயே கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்றாய் என்று நினைப்பான். "ஐ கொட் மை ஹெயார் கட்" என்று சொல். இன்னொருவரைக் கொண்டு செய்வித்தேன் என்று அர்த்தம். கூரைத் தகரம் மாற்றினாயா? "வீ கொட் த ரூஃப் ரிப்பெயார்ட்." போன் திருத்தக் கொடுத்தாயா? "ஐ கொட் மை ஃபோன் ஃபிக்ஸ்ட்."

பொருள் முன்னால், முடிந்த வினை பின்னால். இந்த ஒரு வார்ப்பு கைவந்துவிட்டால் நூறு வாக்கியம் வார்க்கலாம். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தவர்களிலேயே எத்தனையோ பேர் இதில் சறுக்குகிறார்கள். நீ சறுக்காதே!

பஸ்ஸில் ஏறினால் "கெட் ஒன்". இறங்கினால் "கெட் ஒஃப்". கார் என்றால் "கெட் இன்", "கெட் அவுட்". தலாத்துஓயாவில் இறங்கும்போது நாமெல்லாம் "கெட் டவுன்" என்கிறோம். இலங்கையிலும் இந்தியாவிலும் லட்சக்கணக்கானோர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது இந்த நாட்டு இங்கிலிஷ். அதைச் சொன்னதற்காக வெட்கப்படாதே! ஆனால் வெளிநாட்டுக்காரரோடு பேசும்போதும், வெளிநாட்டுப் பரீட்சை எழுதும்போதும் "கெட் ஒஃப்" என்று மாற்றத் தெரிந்திரு. இரண்டும் உன் கையில் இருக்கட்டும்.

இப்போது சொல், இதில் எது உன்னால் முடியாதது?

"எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் டீச்சர் நிலைத்து நிற்பதில்லை." உண்மை. மலையகப் பள்ளிகளுக்கு இழைக்கப்பட்ட பெரிய அநியாயம் அது. கல்வி அமைச்சர் கன்னங்கர 1940களில் கொண்டுவந்த இலவசக் கல்வி இந்த நாட்டின் எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் நெடுங்காலம் வெளியே நின்றார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கவே 1970கள் ஆயின.

அந்த அநியாயத்தைக் கேள்! உரத்துக் கேள்! ஆனால் அது தீரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறாயா? அப்படி உட்கார்ந்தால் யாருக்கு லாபம்? உனக்கா?

மூன்றாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை ஒன்பது வருஷம் பாடப்புத்தகம் உன் கையில் இருந்தது. அதை எத்தனை நாள் சத்தமாக வாசித்தாய்? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். உனக்கே சொல்லிக்கொள்.

"பேசினால் சிரிப்பார்கள்."

ஆ! இதுதான் உன் உண்மையான நோய். மற்றதெல்லாம் சாக்கு. இதுதான் பயம்.

சிரிப்பார்கள்தான். இந்த நாட்டில் இங்கிலிஷுக்கே 'கடுவ' என்று சிங்களப் பிள்ளைகள் பெயர் வைத்திருக்கிறார்கள். வாள் என்று அர்த்தம். தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுகிற வாள்! பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த திரு கந்தையா 1984இல் இந்தக் 'கடுவ'வைப் பற்றியே ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். ஒரு மொழி எப்படி அதிகாரத்தின் ஆயுதமாகிறது என்பதே அவருடைய பொருள்.

ஆகவே நீ மட்டும் வெட்டுப்பட்டவன் அல்ல. மாத்தறைப் பிள்ளைக்கும் இதே காயம். மட்டக்களப்புப் பிள்ளைக்கும் இதே காயம். பேராதனை விரிவுரை மண்டபத்தில் கடைசி வாங்கில் போய் ஒளிந்துகொள்ளும் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் இதே காயம்.

வாளுக்குப் பயந்து ஓடுகிறவன் முதுகில்தான் வெட்டு வாங்குவான். திரும்பு! கைப்பிடியைப் பிடி! பிடித்த பிறகு இன்னொருவனை வெட்டாதே. அந்தப் பாவத்தை மட்டும் செய்யாதே.

நான் கேட்கிறேன், நம் தோட்டங்களை ஆண்ட துரைமார் எப்படித் தமிழ் பேசினார்கள்? இலக்கணத்தோடா பேசினார்கள்? அவர்களுக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு தமிழ்க் கைநூல் வந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'இங்கே வா'! சின்னத்துரை படிக்க வேண்டிய முதல் தமிழ் அதுதான். ஏவல் வினை!

லகரம் ளகரம் தெரியாது. ஒருமை பன்மை தெரியாது. பாட்டன் வயதுக்காரரையும் 'வா', 'போ' என்றார்கள். இருந்தும் ஒரு துரையாவது வெட்கப்பட்டு வாயை மூடினானா? உடைந்த தமிழை வைத்துக்கொண்டே ஒரு மலை முழுவதையும் வேலை வாங்கினார்கள்!

அவர்களுக்கு உடைந்த மொழி போதும். உனக்கு மட்டும் முழுமை வேண்டுமா? முதல் வாக்கியமே பிழையில்லாமல் வர வேண்டுமா? யார் போட்ட சட்டம் அது?

உன் பாட்டியைப் பார். ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகாதவள். 'பரேட்' என்ற சொல்லைப் பிடித்துப் 'பெரட்டு' ஆக்கினாள். பெரட்டுக்களம் என்று இடப்பெயரே வைத்தாள்! 'கிளார்க்'கைக் 'கிளாக்கர் ஐயா' ஆக்கினாள். 'செக்ரோல்' அவள் நாக்கில் சரளமாகப் புரண்டது. உச்சரிப்புச் சரியா என்று அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வேலைக்கு வேண்டிய சொல்லை எடுத்தாள், தனக்கேற்றபடி வளைத்தாள், பேசினாள்.

அவள் பேரப்பிள்ளை நீ. உனக்கு என்ன தயக்கம்?

நீ நிற்கும் மண் சாதாரண மண் அல்ல. இதே ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 10ஆம் திகதி பொலிஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி செத்து விழுந்தார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் களப்பலி என்று இன்றும் அவரைச் சொல்கிறோம்.

"கெட் பெய்ட்." கூலி பெறு. நீ கொப்பியில் எழுதிப் பழகும் இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லைச் செயலில் கேட்டதற்காக ஒரு மனிதன் இந்த மலையில் உயிரைக் கொடுத்தான்!

துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்களின் ஊர் இது. நீ ஒரு வகுப்பறைச் சிரிப்புக்கு முன்னால் நிற்க மாட்டாயா?

"இங்கிலிஷ் படித்தால் தமிழ் போய்விடும்" என்று சிலர் உனக்குச் சாக்கு எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளாதே! மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையைப் படி. ஆசிரியராக இருந்தார். தொழிற்சங்கத்துக்கு வந்தார். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். அன்றைய பாராளுமன்றம் பேசிய மொழி இங்கிலிஷ். தோட்டத்து மக்களின் வாழ்வை இங்கிலிஷிலேயே எழுதினார். கூடை சுமந்த பெண்ணின் வலியைத் தமிழ் தெரியாதவனும் படித்தான்.

அவர் தமிழ் போய்விட்டதா? மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கியவரும் அதே வேலுப்பிள்ளைதான்! இரண்டு மொழியும் அவருக்கு இரண்டு கை. ஒன்றைக் கட்டிப்போட்டுவிட்டா அவர் வேலை செய்தார்?

உனக்குத் துணை வேண்டுமா? துருக்கியைப் பார். துருக்கி மொழியிலும் நம்மைப் போலவே வினை கடைசியில் வரும். விகுதிக்கு மேல் விகுதி ஒட்டும். அங்குள்ள மாணவனும் 'கெட்'டைக் கண்டு முழிக்கிறான். 'வாங்கு' என்று ஓரிடத்தில், 'ஆகு' என்று ஓரிடத்தில், 'போய்ச் சேர்' என்று ஓரிடத்தில் பிரித்துப் பிரித்துப் பழகுகிறான். இஸ்தான்புல் கடைக்காரர்கள் அப்படித்தான் உலகத்தோடு பேசி வியாபாரம் செய்கிறார்கள். அவர்களால் முடிந்தது ஹேவாஹெட்டவில் முடியாதா?

'கெட்' என்ற சொல்லே இங்கிலாந்துக்குச் சொந்தமில்லை. கடல் கடந்து வந்த வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இங்கிலிஷ்காரனே கடன் வாங்கிய சொல் அது. அவன் வாங்கலாம், நீ வாங்கக் கூடாதா?

"எனக்கு வயதாகிவிட்டது." எத்தனை? இருபத்தைந்தா? நாற்பதா? வாய் இருக்கிறதல்லவா? காது கேட்கிறதல்லவா? பிறகு என்ன வயது!

"நேரம் இல்லை." கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போகிறாயே, அது நேரம் இல்லையா? போனில் விரலால் தள்ளித் தள்ளி வீடியோ பார்க்கிறாயே, அது யாருடைய நேரம்?

இங்கிலிஷில் மிகத் துணிச்சலான வாக்கியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். "ஐ டோன்ட் கெட் இட்." எனக்கு விளங்கவில்லை!

வகுப்பில் நாற்பது பேர் விளங்கியதுபோலத் தலையாட்டுகிறார்கள். ஒருத்தி எழுந்து நின்று "ஐ டோன்ட் கெட் இட்" என்கிறாள். அந்த வகுப்பில் யார் முன்னேறுவாள் என்று நினைக்கிறாய்? அவள்தான்! கேட்டவளுக்கு டீச்சர் திரும்ப விளக்குகிறார். தலையாட்டியவர்கள் தலையாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள்.

நாளைக்கு அந்த வாக்கியத்தைச் சொல். கை நடுங்கட்டும். குரல் உடையட்டும். பரவாயில்லை, சொல்!

நேர்முகப் பரீட்சையில் தோற்றாயா? கண்டி ஹோட்டலில் வேலை கேட்டுப் போய், "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் தொண்டை அடைத்துப்போய்த் திரும்பி வந்தாயா? நல்லது! எந்த இடத்தில் அடைத்தது என்று இப்போது உனக்குத் தெரியும். தோல்வி காட்டிக் கொடுத்த இடம் அது. அங்கேதான் வேலை செய்ய வேண்டும். "கெட் ஓவர் இட்" என்பார்கள். அந்த வலியைத் தாண்டு. மறக்கச் சொல்லவில்லை, தாண்டச் சொல்கிறேன்.

எப்படி வேலை செய்வது? கேள்.

ஒரு கொப்பி வாங்கு. முதல் பக்கத்தில் 'கெட்' என்று எழுது. இன்று காலையிலிருந்து நீ செய்ததையெல்லாம் அந்தச் சொல்லால் மட்டும் எழுது. எழுந்தேன்: கொட் அப். தயாரானேன்: கொட் ரெடி. பஸ்ஸில் ஏறினேன்: கொட் ஒன் த பஸ். நனைந்தேன். களைத்தேன். வீடு சேர்ந்தேன். உன் ஒரு நாள் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்!

எழுதியதை மனதுக்குள் படிக்காதே. சத்தமாகப் படி! லயத்தில் அடுத்த வீட்டுக்குக் கேட்கட்டும். கேட்டால் என்ன? அந்தச் சுவர் எத்தனையோ சண்டையைக் கேட்டிருக்கிறது. உன் இங்கிலிஷையும் கேட்கட்டும்!

கடைசி எழுத்தில் 'உ' சேர்த்துக் 'கெட்டு' என்று இழுக்காதே. நாக்கை மேலே ஒட்டி அங்கேயே நிறுத்து. கெட். நூறு தடவை சொல். அமெரிக்கப் படத்தில் 'கொட்டன்' என்று கேட்டால் பயப்படாதே. 'ஹேவ்' என்பதற்குப் பின்னால் நாம் 'கொட்' என்று முடிக்கும் பல இடங்களில் அவர்கள் அப்படி முடிக்கிறார்கள், அவ்வளவுதான். பரீட்சையில் 'கொட்' என்றே எழுது.

தப்பு வரும். டீச்சரிடம் காட்டு. டீச்சர் இல்லாவிட்டால் உயர்தரம் படிக்கும் அக்காவிடம் காட்டு. அவர் சிவப்புப் பேனாவால் கிழித்த ஒவ்வொரு கோட்டையும் திரும்ப எழுது. ஒரு வாரத்துக்கு வேறு சொல்லைத் தொடாதே. அடுத்த வாரம் 'டேக்'. அதற்கடுத்த வாரம் 'மேக்'.

உனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவும் கூடாது. 'கெட்'டுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. "ஐ கொட் மை சிஸ்டர் டு ஸ்பீக்." தங்கச்சியைப் பேச வைத்தேன். ஒருவரைச் சம்மதிக்கச் செய்து ஒரு காரியம் செய்விப்பது. நடுவில் ஒரு 'டு' வரும், மறந்துவிடாதே.

எழுதிப் பார்த்தால் மட்டும் போதாது, செய்! உங்கள் டிவிஷனில் இங்கிலிஷ் என்றாலே அழுகிற பிள்ளைகள் யார் என்று உனக்குத் தெரியும். சனிக்கிழமை பின்னேரம் கோவில் மண்டபத்துக்குக் கூப்பிடு. ஐந்து பேர் வந்தாலும் போதும். சிரிக்கிறவனுக்கு அங்கே இடமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடு. பிறகு 'கெட்' என்று பலகையில் எழுதி, ஆளுக்கொரு வாக்கியம் கேள்!